ஃபிரேம் ஒரு ஊர், ஸ்லைடு ஒரு ஊர்: கலப்பு எம்1911ஏ1 பிஸ்டல் ஒன்றின் பணி வரலாற்றைக் கண்டறிதல்

1945-க்குப் பிறகு 1985 வரை அமெரிக்க ராணுவம் தன் படைகளுக்குப் புதிய .45 (அங்குலக் குழல்விட்டம்) பிஸ்டல் கொள்முதல் எதையும் செய்யவில்லை. கொரியப் போர், வியட்நாம் போர் எல்லாவற்றையும் உலகப் போர்க் காலத்தில் செய்துவைத்த எம்1911ஏ1 பிஸ்டல்களை வைத்தே ஓட்டினார்கள். 1985-இல் பெரெட்டா எம்9 தேர்வாகும்வரை, நாற்பது ஆண்டுகள், அதே பிஸ்டல்கள் கழற்றப்பட்டு, அளக்கப்பட்டு, தேய்ந்த பாகம் மாற்றப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டுக் கொண்டேயிருந்தன. உபரியாக இன்று வெளிவரும் பிஸ்டலைப் படிப்பதற்கு முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான். தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்திலேயே எண்பது ஆண்டுகள் கடந்த துண்டு அபூர்வம். படையில் உண்மையாக உழைத்தது பெரும்பாலும் கலப்புத் துண்டுதான், அதாவது வெவ்வேறு ஆலைகளின் பாகங்கள் சேர்ந்தது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட கலப்புத் துண்டுகளின் ஒரு மாதிரி. ஃபிரேமின் (கைப்பிடியும் விசையும் அமைந்த அடிச்சட்டம்) வலப்பக்கத்தில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ப்ராப்பர்ட்டி’ என்ற வரி, 13465 என்று தொடங்கும் ஏழு இலக்க எண், ‘எம்1911ஏ1 யு.எஸ். ஆர்மி’ என்ற வரி. இடப்பக்கத்தில் எஃப்.ஜே.ஏ. என்ற எழுத்துகள், தனியாக ஏ.ஏ. என்று ஒரு முத்திரை, ஏ.என்.ஏ.டி. என்று இன்னொன்று. ஸ்லைடில் (குழலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி) எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. 7790314 என்ற எண் மட்டும். குழலில் எச்.எஸ். இரண்டு பக்கமும் பழுப்பு நிற பிளாஸ்டிக் கைப்பிடித் தட்டுகள். மேகசின் (தோட்டாக்கூடு) அடித்தட்டின் முன்விளிம்பில் எஸ் என்ற ஒற்றை எழுத்து. மேற்பூச்சு முழுவதும் ஒரே சீரான கருஞ்சாம்பல். ஒரு முனையில் மங்கல், இன்னொரு முனையில் பளிச் என்ற வேறுபாடே கிடையாது.

கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்து எழுதுவது சேகரிப்பாளர்களின் வழக்கம். முழு எண்ணை வெளியிட்டால் அதே எண்ணுக்குப் போலி ஆவணம் தயாரிப்பவர்களுக்கு வேலை எளிதாகிவிடும்.

கழற்றாமல் தீர்ப்பு சொல்லக் கூடாது

வெளித்தோற்றத்தில் கிடைப்பது பாதிச் செய்திதான். முதலில் மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகு குழல்முனையின் கீழே உள்ள சுருள்வில் மூடியை அழுத்திக்கொண்டு புஷ்ஷிங்கை (குழல்முனையைத் தாங்கும் வளையம்) திருப்பி, வில்லை மெதுவாக வெளியே விட வேண்டும். இங்கே கை நழுவினால் மூடி முகத்துக்கு நேரே பாயும். கண்ணாடி அணிவது கட்டாயம். பின்பு ஸ்லைடைப் பாதியளவு இழுத்து, கழற்றும் வெட்டு ஸ்லைடு ஸ்டாப்புக்கு (ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் நெம்பு) நேராக வந்ததும் ஸ்டாப்பை வலப்பக்கத்திலிருந்து தள்ள வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதை ஃபிரேமின் மேல் உரசியபடி சுழற்றினால் பிறை வடிவக் கீறல் விழும். அந்தக் கீறல் விழுந்த பிஸ்டல்கள் ஏராளம். பணியின் தடயமாக அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், பெரும்பாலும் பிற்கால உரிமையாளரின் கைவேலை.

கழற்றியபின் எண்ணெயை முழுவதும் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவைக்கலாம். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் மெல்லிய கோடாக வெளியே கசியும். பார்க்க வேண்டிய இடங்கள்: தோட்டா உறை வெளியேறும் திறப்பின் முன் மூலை, ஸ்லைடின் முன் கீழ்ப்பகுதி, ஃபிரேமில் ஸ்லைடு ஸ்டாப் வெட்டுக்கு மேலே உள்ள மெல்லிய பட்டை. கடைசியாகச் சொன்ன இடத்தில் வரும் விரிசல் பல பழைய பிஸ்டல்களில் உண்டு. ஆனால் விற்பவர் அதைச் சொல்லாமல் விட்டால் மற்றவற்றையும் சந்தேகத்தோடே பார்க்க வேண்டும்.

குழலுக்குள் குழிக்குழியாக அரிப்பு இருந்தால் அதற்குப் பெரும்பாலும் தோட்டாதான் காரணம். 1950-களின் தொடக்கம்வரை ராணுவத்தின் .45 தோட்டாக்களில் உப்பு விடும் ப்ரைமர் (தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இருந்தது. சுட்ட அன்றே தண்ணீர் கலந்த கரைசலால் கழுவாவிட்டால் அந்த உப்பு ஈரத்தை இழுத்து எஃகைத் தின்றுவிடும்.

எண் சொல்வது என்ன

எம்1911ஏ1-இல் வரிசை எண் ஃபிரேமில்தான். ஜெர்மன் லூகர், பி38 பிஸ்டல்களில் ஸ்லைடு, குழல், சிறு பாகங்கள் என்று பலவற்றிலும் எண் அடித்திருப்பார்கள். அங்கே ‘எல்லா எண்ணும் ஒன்று’ என்பதற்குப் பொருள் இருக்கிறது. அமெரிக்கப் பிஸ்டலில் எந்த நிறுவனத்தின் பாகமும் எந்த நிறுவனத்தின் ஃபிரேமிலும் பொருந்த வேண்டும் என்பதே ஒப்பந்த நிபந்தனை. சில கோல்ட் ஸ்லைடுகளில் மட்டும் சுடும் ஊசியைத் தடுக்கும் தகட்டின் கீழே எண் இருக்கும். கோல்ட் ஸ்லைடு கையில் கிடைத்தால் அந்தத் தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் விடக் கூடாது.

1943-இல் எண்கள் தொகுதி தொகுதியாக ஒதுக்கப்பட்டன. 856405 முதல் 916404 வரை இத்தாக்கா கன் கம்பெனிக்கு. 916405 முதல் 1041404 வரை ரெமிங்டன் ராண்டுக்கு. 1041405 முதல் 1096404 வரை யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னலுக்கு. ரெமிங்டன் ராண்டின் அடுத்த தொகுதி 1279699-இல் தொடங்கி 1441430-இல் முடிகிறது. நம் மாதிரி அந்தத் தொகுதிக்குள் வருகிறது. எனவே இந்த ஃபிரேம் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் தட்டச்சுப்பொறிக் கம்பெனி நடத்திய ஆலையில் பிறந்தது. அந்த ஆலை போர் முடிவதற்குள் 8.7 லட்சத்துக்கும் மேற்பட்ட பிஸ்டல்களைச் செய்து, போர்க்காலத்தில் எம்1911ஏ1 செய்த ஐந்து நிறுவனங்களிலும் முதலிடம் பிடித்தது. எஃப்.ஜே.ஏ. என்பது ஆர்ட்னன்ஸ் (ராணுவ ஆயுதத் துறை) அதிகாரி ஃபிராங்க் ஜே. அட்வுட்டின் பெயரெழுத்துகள். ரெமிங்டன் ராண்ட், இத்தாக்கா இரண்டின் பிஸ்டல்களிலும் அவர் பெயரெழுத்தே இருக்கும். யூனியன் ஸ்விட்ச் துண்டில் இருக்க வேண்டியது ஆர்.சி.டி. எண்ணும் பெயரெழுத்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஃபிரேமை அப்போதே கீழே வைத்துவிடலாம்.

இந்த அட்டவணையை நம்பி மாதம் வரை கணிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. எண் ஒதுக்கப்பட்ட ஆண்டும் பிஸ்டல் ஆலையைவிட்டு வெளியேறிய நாளும் ஒன்றல்ல. பிஸ்டல்கள் எண் வரிசைப்படி வெளியேறவும் இல்லை. கோல்ட், யூனியன் ஸ்விட்ச் இரண்டு நிறுவனங்களும் 1088726 முதல் 1092896 வரையிலான 4,171 எண்களை இரட்டையாகப் பயன்படுத்தின. அந்த வரம்பில் ஓர் எண் மட்டும் ஒத்துப்போகிறது என்பதற்காக ஓர் ஆவணத்தை ஒரு பிஸ்டலோடு ஒட்டவைக்க முடியாது. தயாரிப்பாளர் பெயரும் ஆவணத்தில் வேண்டும்.

கிடங்கு முத்திரைகள்: காலத்துக்கு இரண்டு எல்லைக்கற்கள்

ஏ.ஏ. என்பது ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா ஆர்சனல். அந்த ஆர்சனல் 1955-இல் மூடப்பட்டது. ஆகவே இந்தப் பிஸ்டல் முதல் முறை பழுதுபார்க்கப்பட்டது அதற்கு முன். ஏ.என்.ஏ.டி. என்பது அலபாமாவின் அனிஸ்டன் ஆர்மி டிப்போ. அந்த டிப்போவுக்கு அந்தப் பெயர் வந்தது 1962-இல்; அதற்கு முன் அது அனிஸ்டன் ஆர்ட்னன்ஸ் டிப்போ. ஆகவே இரண்டாவது முறை அதற்குப் பின். எந்தக் காகிதமும் இல்லாமல், இரும்பில் அடித்த ஆறு எழுத்துகளைக் கொண்டே இவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்ல முடிகிறது. பெயர் மாறிய ஆண்டு, மூடிய ஆண்டு ஆகியவற்றைக் கிடங்கு வாரியாகக் குறித்துவைத்திருப்பது எந்த விலைப்பட்டியலைவிடவும் பயன் தரும். அடிக்கடி காணக்கிடைக்கும் மற்ற முத்திரைகள்: ஆர்.ஐ.ஏ. – ராக் ஐலண்ட், எஸ்.ஏ. – 1968-இல் மூடப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி, பி.ஏ. – 1964-இல் மூடப்பட்ட பெனிசியா, ஆர்.ஆர்.ஏ.டி. – டெக்சாஸின் ரெட் ரிவர்.

கிடங்கில் நடந்தது என்னவென்று தெரிந்தால் கலப்பின் பொருள் விளங்கும். படைப்பிரிவுகளிலிருந்து திரும்பிய பிஸ்டல்களை முழுவதும் கழற்றி, ஒவ்வொரு வகைப் பாகத்தையும் தனித்தனிப் பெட்டியில் கொட்டினார்கள். கேஜ் வைத்து அளந்தார்கள், தேறாதது கழிக்கப்பட்டது. தேறியதற்கு மணல் வீசிச் சுத்தம் செய்து பாஸ்பேட் பூச்சு, அதாவது பார்க்கரைசிங். பிறகு பெட்டிகளிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார்கள். ஒரு பிஸ்டலோடு வந்த ஸ்லைடு அதே பிஸ்டலுக்குத் திரும்ப எந்தக் காரணமும் இல்லை. நம் மாதிரியின் சீரான கருஞ்சாம்பல் நிறம் இப்படி வந்ததுதான். பழைய கீறல்களின் மேலேயே புதிய பூச்சு ஏறியிருப்பதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, உள்ளே பூச்சு நிரம்பியிருக்கும்.

ஸ்லைடின் 7790314 என்பது ராணுவ வரைபட எண். போர்க்கால ஸ்லைடுகள் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கடினமாக்கப்பட்டவை. ஆயிரக்கணக்கில் சுட்டபின் ஸ்டாப் வெட்டு நசுங்கும், மூலையில் விரிசல் விடும். போருக்குப் பின் மாற்றுப் பாகமாகச் செய்யப்பட்ட இந்த ஸ்லைடுகள் முழுவதும் கடினமாக்கப்பட்டவை. சேகரிப்பாளர்கள் இதை ‘ஹார்டு ஸ்லைடு’ என்பார்கள். பெயரில்லாத ஸ்லைடு என்று இதை ஒதுக்குவது அறியாமை. சிராக்யூஸில் பூட்டிய ஸ்லைடோ, அதற்குப் பின் வந்த இன்னொன்றோ தேய்ந்து கழிந்தபின்தான் இது ஏறியது. அதாவது இந்தப் பிஸ்டல் உழைத்திருக்கிறது.

குழலின் எச்.எஸ். என்பது ஹை ஸ்டாண்டர்ட். ரெமிங்டன் ராண்ட் தன் பிஸ்டல்களுக்குக் குழலை அங்கிருந்துதான் பெரிதும் வாங்கியது. எனவே இது ஃபிரேமோடு பிறந்த குழல் என்று எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது. இத்தாக்காவுக்கும் யூனியன் ஸ்விட்சுக்கும் அதே குழல்தான் போனது. பெட்டியில் கொட்டிய குழல்களில் எச்.எஸ். ஏராளமாக இருந்திருக்கும். ‘காலத்துக்குப் பொருந்தும் குழல்’ என்பதே பதிவுத்தாளில் எழுதத்தக்க சொல். மேகசினின் எஸ், ஸ்கேஃப் கம்பெனியைக் குறிக்கும். ஆர் என்றால் ரிஸ்டன், ஜி என்றால் ஜெனரல் ஷேவர், எல் என்றால் லிட்டில். மேகசின் ஒரு நாளில் பத்துக் கை மாறும் பொருள். அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

காகிதத் தடயம்

கோல்ட் பிஸ்டல் என்றால் கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவுக்குக் கட்டணம் கட்டினால் எந்தத் தேதியில், எந்தக் கிடங்குக்கு, எத்தனை பிஸ்டல்கள் கொண்ட சரக்கோடு அது போனது என்று கடிதம் வரும். ரெமிங்டன் ராண்டுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ட்னன்ஸ் தலைமை அலுவலகத்தின் கோப்புகள், பதிவுத் தொகுதி 156, தேடுவதற்குத் திறந்திருக்கின்றன. அங்கே எண் குறிப்பிடப்பட்டிருப்பது பெரும்பாலும் ஏதோ ஒன்று நடந்த பிஸ்டல்களுக்கு: தொலைந்தவை, திருடுபோனவை, சோதனைக்கு அனுப்பப்பட்டவை, விற்கப்பட்டவை. ஸ்பிரிங்ஃபீல்ட் ரிசர்ச் சர்வீஸ் பல ஆண்டுகள் அந்தக் கோப்புகளிலிருந்து எண்களைத் தொகுத்துப் பட்டியல்களாக வெளியிட்டது. முதலில் அந்தப் பட்டியலில் தேடுவதுதான் காலத்தை மிச்சப்படுத்தும்.

பட்டியலில் சரியான எண் அகப்படாவிட்டால் அடுத்தடுத்த எண்களைப் பார்ப்பார்கள். இரண்டு எண் தள்ளி ஒரு பிஸ்டல் ஒரு வான்படைப் பிரிவுக்குப் போனதாக இருந்தால் ‘என்னுடையதும் அங்கேதான்’ என்று விற்பனை விளம்பரத்தில் ஏறிவிடும். ஒரே மரப்பெட்டியில் அடுத்தடுத்த எண்கள் இருந்தேயாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பக்கத்து எண் ஒரு சாத்தியம், சான்று அல்ல.

தனிப்பட்ட வீரர் ஒருவரின் பெயரோடு பிஸ்டலை இணைப்பது இதைவிடக் கடினம். பிஸ்டல் படைப்பிரிவின் ஆயுத அறைக்குச் சொந்தம். இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. கையெழுத்து வாங்கிக் கொடுத்த சீட்டுகள் சில ஆண்டுகளில் அழிக்கப்பட்டன. பெயர் கிடைத்தாலும் அடுத்த தடை, 1973 ஜூலை 12-இல் செயின்ட் லூயிஸ் பணியாளர் ஆவண மையத்தில் பற்றிய தீ. 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் அதில் போயின. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை பணியிலிருந்து விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் 80 விழுக்காடு அழிந்தது. படைப்பிரிவுகளின் நாளறிக்கைகள் தப்பின. ஒருவர் எந்த நாளில் எந்தப் பிரிவில் இருந்தார் என்பதை அவற்றில் காணலாம். பிஸ்டல் எண் அவற்றில் இருக்காது.

‘போர்முனையிலிருந்து கொண்டுவந்த சான்றிதழ்’ என்று ஒரு தாளோடு எம்1911ஏ1 வந்தால் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்தச் சான்றிதழ்கள் எதிரியிடம் கைப்பற்றிய ஆயுதங்களுக்கு வழங்கப்பட்டவை. அமெரிக்க அரசின் சொந்தப் பிஸ்டலை அப்படிக் கொண்டுபோக அனுமதி கிடையாது. நம்பத்தக்க தாள், 1960-களில் டி.சி.எம். (டைரக்டர் ஆஃப் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப்) திட்டத்தில் பொதுமக்களுக்கு விற்றபோது கொடுத்த, எண் தாங்கிய விற்பனைச் சீட்டுதான். பிரிட்டனுக்கு லெண்ட்-லீஸில் (அமெரிக்காவின் போர்க்கால உதவித் திட்டம்) போய்த் திரும்பிய துண்டுகளில் சான்றே எஃகில் இருக்கும்: பிரிட்டிஷ் அழுத்தச் சோதனை முத்திரைகள், சிலவற்றில் ‘நாட் இங்கிலிஷ் மேக்’ என்ற வரி. வெளிநாடு போய் 1968-க்குப் பின் இறக்குமதியான பிஸ்டலில் இறக்குமதியாளர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். அந்த இடம் தேய்த்துச் சமமாக்கப்பட்டிருந்தால் சாய்வொளியில் பள்ளம் தெரியும்.

நம் மாதிரியில் இவை எதுவும் இல்லை. அதற்குக் காரணமும் நேரானது: அது நாட்டைவிட்டு உபரியாக விற்கப்படவே இல்லை. எம்9 வந்தபின் சேமிப்பில் கிடந்த பிஸ்டல்கள் அனிஸ்டனில் வைக்கப்பட்டன. சட்டம் அனுமதித்தபின் 2018-இல் முதல் 8,000 பிஸ்டல்கள் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் ப்ரோக்ராம் என்ற சி.எம்.பி.க்கு வந்தன. அப்போதைய நடைமுறை: அஞ்சலில் மட்டும் விண்ணப்பம், குலுக்கல் எண், இரண்டு முறை பின்னணிச் சோதனை, உரிமம் பெற்ற வணிகர் வழியாக ஒப்படைப்பு. தரவாரியாக அப்போதைய விலை: சர்வீஸ் 1,050 டாலர், ஃபீல்டு 950, ராக் 850. தரம் தேய்மானத்தை மட்டும் சொல்லும். வரலாற்று மதிப்பை அது அளக்காது. ராக் தரத்தில் வந்த துண்டில் மூன்று கிடங்கு முத்திரை இருக்கலாம். சர்வீஸ் தரத்தில் ஒன்றும் இல்லாமல் போகலாம்.

‘சரிசெய்தல்’ என்ற அழிவு

இந்தப் பிஸ்டலை வாங்கும் பலருக்கும் முதலில் தோன்றுவது ஒரு ரெமிங்டன் ராண்ட் ஸ்லைடைத் தேடிப் பிடித்துப் பூட்டுவது. பிறகு அதற்கேற்ற சுத்தி, விசை, கைப்பிடித் தட்டு; முடிவில் ‘1943 அசல்’ என்று இரட்டை விலை. எங்கள் பார்வையில் இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. அகஸ்டாவும் அனிஸ்டனும் செய்த வேலையைக் கலைத்துவிட்டு, ஒருநாளும் இல்லாத ஒரு பிஸ்டலை உருவாக்குகிறார்கள். அதைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. கிடங்கில் பூசிய ஃபிரேமின் நிறமும் வேறிடத்திலிருந்து வந்த ஸ்லைடின் நிறமும் பகல் வெளிச்சத்தில் பிரியும். ஃபிரேமில் கிடங்கு முத்திரை இருக்க, எல்லாப் பாகமும் ஒரே நிறுவனத்தினதாக இருந்தால் அந்த ஒற்றுமையே சந்தேகத்துக்கு இடம்.

போலி முத்திரையைப் பிடிக்கப் பத்து மடங்கு உருப்பெருக்கி போதும். அச்சு வைத்து அடித்த எழுத்தின் ஓரத்தில் எஃகு சற்றே மேலெழும்; அடிப்பகுதி சீரற்றிருக்கும். இயந்திரத்தால் செதுக்கிய எழுத்தின் அடி தட்டையாக, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். பழைய பூச்சுக்கு நடுவே எழுத்தின் உள்ளே மட்டும் வெள்ளை எஃகு மின்னினால் அது அண்மையில் விழுந்தது. சிங்கர் தையல் எந்திரக் கம்பெனி செய்த 500 பிஸ்டல்களுக்கு, எஸ்800001 முதல் எஸ்800500 வரை, சந்தையில் தரும் விலை மிகப் பெரிது. அதனால் அந்தப் பெயரில் போலிகள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் ஜே.கே.சி. என்ற பெயரெழுத்து இருக்க வேண்டும் என்பது தொடக்கச் சோதனை மட்டுமே; போலி செய்பவருக்கும் அது தெரியும்.

பதிவும் பாதுகாப்பும்

பதிவுத்தாளில் ஒவ்வொரு கூற்றுக்கும் அதன் அடிப்படையை அருகிலேயே எழுத வேண்டும். இந்தத் துண்டுக்கு: ஃபிரேம் ரெமிங்டன் ராண்ட், 1943 எண் தொகுதி – எண், பெயரெழுத்து. முதல் மறுசீரமைப்பு அகஸ்டா, 1955-க்கு முன் – முத்திரை. இரண்டாவது அனிஸ்டன், 1962-க்குப் பின் – முத்திரை. ஸ்லைடு போருக்குப் பிந்தைய மாற்று – வரைபட எண். குழல் காலத்துக்குப் பொருந்துவது. மேகசின், தட்டுகள் சான்றாகக் கொள்ளப்படவில்லை. விற்பனை சி.எம்.பி. – சான்றிதழ். ஒவ்வொரு முத்திரைக்கும் நேரொளியில் ஒன்று, பக்கவாட்டுச் சாய்வொளியில் ஒன்று என இரண்டு படம், அளவுகோலோடு.

பிஸ்டலைத் தோல் உறையில் வைத்துப் பூட்டக் கூடாது. பதனிட்ட தோலில் உள்ள உப்பும் அது இழுக்கும் ஈரமும் சேர்ந்து பாஸ்பேட் பூச்சைத் துளைத்துவிடும். எஃகு நாரால் தேய்ப்பதும், ‘கொஞ்சம் பளபளப்பாக்கலாம்’ என்று புதிதாகப் பூசுவதும் முத்திரைகளை அழிக்கும். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, ஈரப்பதம் சீரான இடத்தில் துணிப்பையில் வைத்தால் போதும். தேய்ந்த வில்லை மாற்றித்தான் சுட வேண்டும் என்றால் பழைய வில்லுக்கு எண் தாங்கிய சீட்டைக் கட்டிப் பெட்டியிலேயே போட்டுவைக்க வேண்டும். பிஸ்டல் கைமாறும்போது பதிவுத்தாள், விற்பனைச் சீட்டு, கழற்றிய பாகம் எல்லாம் அதோடு சேர்ந்தே போக வேண்டும்.